அழுகை நீக்கப்பட்ட காட்சி

அந்த இத்தாலிய ஓபராவின் கடைசிக் காட்சியில் அரசன் குத்துப்பட்டுச் சாவான்; ஊரே கூடி அழுது பாடும்; பாட்டு முடிந்ததும் திரை விழும். எங்கள் நாட்டில் அதை முதன்முதலாகப் போட்டபோது, மேடையில்கூட அரசன் சாகக் கூடாது என்றது அரண்மனை. மந்திரி செத்தான். பிறகு மந்திரிகளே நாட்டைப் பிடித்தார்கள், தளபதி செத்தான். தளபதிகள் ஆண்டபோது வியாபாரி செத்தான். இப்போது வியாபாரிகளின் ஆட்சி.

ஒத்திகை பார்க்க வந்த அதிகாரி இயக்குநர் யூஜினிடம் கேட்டார்.

"இந்தத் தடவை யாருய்யா சாகுறது?"

"தெரு பெருக்குறவன் சார்."

"தாராளமா சாகட்டும்." பாட்டு தொடங்கியதும்தான் அவர் முகம் சுளித்தார். "பெருக்குறவனுக்கா ஊரே அழும்? எவன் நம்புவான்? அதை எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார்கள். திரை இழுக்கும் சூசையிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் காட்சி. பாடகர் தேவசகாயம் துடைப்பத்தோடு குத்துப்பட்டு விழுந்தார். மேடை அமைதியானது. கொஞ்ச நேரம் பார்த்த சபை, எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கியது.

"அண்ணே, இழுங்கண்ணே," என்று கிடந்தபடியே கெஞ்சினார் தேவசகாயம்.

கயிற்றைப் பிடித்திருந்த சூசை கிசுகிசுத்தார்: "இருங்க தம்பி, இன்னும் யாரும் அழலையே."