இருநூற்றுப் பன்னிரண்டு கூடுகள்

"இந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இனிமே ஒரு கட்டுரையும் இவன் கைக்குப் போகக்கூடாது," என்று நிராகரிப்புக் கடிதத்தை மேசைமேல் வீசினார் பேராசிரியர்.

அழுவதைவிட எதையாவது போட்டு உடைக்கலாம் போலிருந்தது அவருடைய ஆய்வு மாணவிக்கு.

நான்கு வருட வேலை. எண்ணெய்க் கிணறு தோண்டியபோது வந்த கல்லை அமிலத்தில் கரைத்து, மிஞ்சிய தூசியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அந்தத் தூசியில் அவள் கண்டது ஒரு கூடு. டைனோஃபிளாஜெல்லேட் என்கிற ஒற்றைச் செல் கடற்பாசி, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. இதுவரை யாரும் கண்டிராத இனம் என்று எழுதி, பெயரும் வைத்து ஆய்வு இதழுக்கு அனுப்பியிருந்தாள். மாதக் கடைசிக்குள் கட்டுரை ஏற்கப்படாவிட்டால் அவளுடைய பதிவு காலாவதியாகிவிடும். பட்டம் கிடையாது.

இதழ் அமர்த்திய மதிப்பீட்டாளர் ஏழே வரியில் காரியத்தை முடித்திருந்தார். 'இது புதிய இனம் அல்ல. பழைய இனத்தின் உடைந்த கூடுகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் கற்பனை செய்கிறார். நிராகரிக்கலாம்.'

"கூட்டுல இருக்கிற ஓட்டை உடைஞ்சதாம் சார். பாசி வெளியே போன வாசல் அது. உடைஞ்சிருந்தா ஓரம் பிசிறு பிசிறா இருக்கும். இது கத்தரிச்ச மாதிரி இருக்கு. பாதிக் கூட்டுக்கு மேல வாசல் மூடிகூட ஒட்டிக்கிட்டு நிக்குது."

"மூடி இருக்கா? எத்தனை கூட்டுல?"

"இருநூத்திப் பன்னண்டு பாத்தேன் சார். நூத்தி நாப்பதுல இருக்கு." கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் படத்தோடு இருந்ததைத்தான் திருப்பிச் சொன்னாள்.

"அப்புறமென்ன? படத்தைப் பாத்தாலே பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே. டீ ஆறுறதுக்குள்ள எழுதித் தள்ளியிருக்கான், தடியன். கட்டுரையில முதல் பேர் என்னோடது. இது என் மூஞ்சியில கரி பூசுன மாதிரிதானே?"

நான்கு வருடத்தில் அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததையே விரல்விட்டு எண்ணிவிடலாம். தனக்காக இப்படிக் கொதித்து அவள் பார்த்ததில்லை. அத்தனை ஆத்திரத்துக்கு நடுவிலும் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

அவர் இதழாசிரியரை ஃபோனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"பேரெல்லாம் சொல்லக்கூடாது சார்," என்றார் இதழாசிரியர். "எங்க முறை உங்களுக்குத் தெரியாததா? எழுதினவர் பேர் அவங்களுக்குப் போகாது, அவங்க பேர் உங்களுக்கு வராது. எழுதினவர் பேரைப் பாக்காமலே லிஸ்ட்லேருந்து ஆளைப் பொறுக்கி அனுப்பறது ஆபீஸ் பொண்ணு. எனக்கே நம்பர்தான் வரும்."

"அப்ப நீங்களே எடுத்துப் பாருங்க. பாத்துட்டு அந்த ஆளை லிஸ்ட்லேருந்து அடிங்க. ஒரு பொண்ணோட நாலு வருஷத்தை ஏழு வரியில தூக்கிப் போட்டவன் இந்தத் துறையிலேயே இருக்கக்கூடாது."

அவளால் பொறுக்க முடியவில்லை. ஃபோனை நோக்கிக் குனிந்தாள். "அந்த மனுஷன் கட்டுரையைத் திறந்துகூடப் பாக்கலை சார். வெக்கமே கிடையாதா அவருக்கு?"

மறுமுனையில் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"சார், ஸ்பீக்கரைக் கொஞ்சம் அணைச்சுடறீங்களா?"

"எதுக்கு? அவளும் கேக்கட்டும். யாரு அந்த ஆளு? பேரைச் சொல்லுங்க."

இதழாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க பேர்தான் சார் இருக்கு."