ஸ்கோப்புத் திருகு

தான் பன்றிக்கென்று சுட்ட குண்டு மச்சான் லூர்துவின் தொடையில் பாய்ந்ததிலிருந்து சிங்கராயனுக்குச் சரியான தூக்கமில்லை. துப்பாக்கிக் கோளாறு என்று லூர்துவே எல்லோரிடமும் சொல்லிவிட்டான். ஆனால் அன்று காலைதான் வரப்புத் தகராறில் இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார்கள். விலகியது துப்பாக்கியா, தன் கையா என்று சிங்கராயனுக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ரைஃபிளைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் கரீம் பாயிடம் கொடுத்திருந்தான்.

பாய் குழலைத் துடைத்து, குறிபார்க்கும் ஸ்கோப்பை இறுக்கி, மணல் மூட்டையில் சாய்த்துச் சுட்டுக் காட்டினார். குண்டுகள் எதிரே ஒட்டியிருந்த தாளின் நடுவில் ஒரே இடத்தைத் துளைத்தன.

“ஸ்கோப்புத் திருகு லூசா இருந்துச்சு. இப்ப பாரு, சொன்ன இடத்துல அடிக்குது.”

“முன்னாடி எந்தப் பக்கம் விலகுச்சு, பாய்?”

“யாருக்குத் தெரியும்? பார்த்ததும் முறுக்கிட்டேன்.”

“கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுட்டுப் பார்ப்பீங்களே!”

“குறி தப்புதுன்னு நீதானே சொன்னே. அப்புறம் எதுக்கு ஒரு தோட்டாவை வீணாக்கணும்?”

“மறுபடி லூசாக்கிச் சுடுங்க.”

“எவ்வளவு லூசா?”

சிங்கராயன் திருகை நகத்தால் நெம்பினான். அது அசையவில்லை.

வெளியே ஜீப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த லூர்து ஹாரனை அடித்தான். “என்ன மாப்ளே, சரியாயிடுச்சா? எதுக்கும் இந்தத் தடவை நான் பன்னி பக்கத்துலயே உட்கார்ந்துக்கிறேன். அதான் பத்திரம்!”

பாய் சிரித்தபடி ரைஃபிளை நீட்டினார். சிங்கராயன் அதை வாங்காமல் நின்றான்.