பத்தே நிமிஷம்

மழைக்காட்டுக் குகைகளைச் சுற்றிக் காட்டுவது முள்ளம்பன்றியின் வேலை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அதுதான் முன்னால் நடக்கும். அன்றைக்கு வந்திருந்தவை ஓர் ஆடும் ஓர் ஆமையும்.

அட்டை கடித்த காலைப் பாறையில் தேய்த்துக்கொண்டே ஆடு கேட்டது: "இன்னும் எவ்வளவு தூரங்க?"

"இதோ, பத்தே நிமிஷம்தான்" என்றது முள்ளம்பன்றி.

ஒரு மணி நேரம் கழித்து ஆமை கேட்டபோதும் அதே பத்து நிமிஷம்தான். அதைப் பொய் என்று முள்ளம்பன்றி நினைத்ததே இல்லை. உள்ளதைச் சொன்னால் யார் நடப்பார்கள்? இரண்டும் ஒவ்வொரு தடவையும் நம்பி நடந்தன.

மூன்றாவது குகைக்குள் நுழைந்ததும் வெளியே மழை பிடித்துக்கொண்டது. வந்த வழியெல்லாம் வெள்ளம். எதிரே இருந்ததோ ஓர் இருட்டுச் சந்து. அதற்குள் முள்ளம்பன்றி ஒருநாளும் போனதில்லை. மேலே தொங்கிய வௌவாலைக் கூப்பிட்டு வழி கேட்டது.

"பயப்படாதீங்க. இப்படியே போனா மலைக்கு அந்தப் பக்கம் வெளியே வந்திடலாம். என் பின்னாலேயே வாங்க" என்று வௌவால் முன்னால் பறந்தது.

"எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"இதோ, பத்தே நிமிஷம்தான்."

"அவ்வளவுதானா!" என்று ஆடும் ஆமையும் உற்சாகமாகக் கிளம்பின.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக முள்ளம்பன்றிக்குக் கால் வலித்தது.