புழுதி அளக்கும் பெட்டி

“தம்பி, இந்தப் பொட்டிய இன்னிக்கு எடுத்துக்கினு போறியா, இல்ல நானே மாடியிலேர்ந்து தள்ளி வுட்டுடவா?”

ஈரத்துணி வாளியை ணங்கென்று வைத்துவிட்டுக் கேட்டாள் சுகப்பிரியா.

இசக்கிபாண்டி திருதிருவென்று விழித்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் புதிதாக எழும்பும் கார் கம்பெனிக் கட்டடத்தால் காற்றில் எவ்வளவு புழுதி சேருகிறது என்று அளந்து சொல்லும் லேப்பில் அவனுக்கு வேலை. சைட்டுக்கு நேர் எதிர் மாடி சுகப்பிரியாவுடையது. அதனால் இடுப்பு உயரத் தகரப் பெட்டி ஒன்றை அங்கேதான் கொண்டுவந்து வைப்பான். அது ஒரு நாள் முழுக்க ‘ஙொய்’யென்று காற்றை உறிஞ்சும். மறுநாள் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

இந்த முறை வைத்தது வைத்ததுதான். ஆடியில் வந்த பெட்டி, புரட்டாசி பிறந்தும் நகரவில்லை.

“துணி காயப்போட எடமே இல்ல. மிஷின்லேர்ந்து ஒரு சத்தத்தையும் காணோம். நீ வேலைதான் செய்றியா, இல்ல சும்மா வந்து வேடிக்கை பாத்துட்டுப் போறியா?”

“கொஞ்சம் பொறுத்துக்கிடுங்கக்கா. மழை விழட்டும், நானே எடுத்துக்கிடுதேன்.”

“நல்லா கீதே கதை! நனையக் கூடாதுன்னு மழைக்கு முன்னாடி எடுப்பாங்க. நீ நனைஞ்சப்புறம் எடுப்பியா?”

படியிறங்கும்போது அவன் வழக்கம்போலக் கேட்டான்.

“தம்பிக்கு மூச்சுத் திணறல் எப்படிக்கா இருக்கு?”

“அவன் நல்லாத்தான் கீறான். நீ பேச்ச மாத்தாத!”

உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தான், அவளுடைய மூன்று வயசு மகன் இனியவன். மண் லாரிகள் ஓட ஆரம்பித்த புதிதில் பிள்ளை பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. நெஞ்சு விசில் மாதிரி கத்தும். வாரத்தில் பாதி நாள் அவனை அள்ளிப் போட்டுக்கொண்டு படப்பை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். இப்போது காலையும் மாலையும் தண்ணி லாரி வந்து ரோட்டை நனைத்துவிட்டுப் போகிறது. புழுதியும் அடங்கிவிட்டது, பிள்ளையின் இளைப்பும் அடங்கிவிட்டது.

சுகப்பிரியா நன்றி மறக்கிறவள் இல்லை. படப்பை டாக்டருக்கு வீட்டு மரத்து முருங்கைக்காய் கொடுத்தாகிவிட்டது. தண்ணி லாரி டிரைவர் கொம்பையாவுக்கு வெயில் நேரத்தில் ஒரு சொம்பு மோர். புரட்டாசி சனிக்கிழமையன்று மணிமங்கலம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்ட சர்க்கரைப் பொங்கலும் படைத்துவிட்டாள். பாக்கி, சைட் சூப்பர்வைசர் இராமச்சந்திரன்தான். தினமும் தண்ணி லாரியை அனுப்புகிற மகராசன் அவர்தானே!

அவருக்காக ஒரு தூக்கில் பொங்கலை எடுத்து மூடி வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள். காற்றில் பெட்டியின் மூடி நகர்ந்து கிடந்தது. சரி செய்யலாம் என்று எட்டிப் பார்த்தாள்.

உள்ளே மோட்டாரும் இல்லை, ஒன்றும் இல்லை. காற்றில் சாயாமல் இருக்க இரண்டு செங்கல் மட்டும் கிடந்தது.

“அடப்பாவி! வெறும் தகரத்த வச்சிகினு ஊர ஏமாத்தறானா?”

பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மறு கையில் பொங்கல் தூக்கோடு விறுவிறுவென்று சைட்டுக்கு நடந்தாள். சூப்பர்வைசருக்கு நன்றியும் சொல்ல வேண்டும், இவனைப் போட்டும் கொடுக்க வேண்டும். ஒரே நடையில் இரண்டும் முடிந்துவிடும்.

கேட்டருகிலேயே நின்றிருந்தார் இராமச்சந்திரன்.

“சார், எதிர் மாடி வூட்டுக்காரி நானு. தெனமும் ரெண்டு வேள தண்ணி அடிக்கிறீங்களே, உங்க புண்ணியத்துல எம்புள்ள நல்லா மூச்சு வுடறான். கையெடுத்துக் கும்பிடணும் சார் உங்கள.”

“நீ வேற ஏம்மா வயித்தெரிச்சலக் கிளப்புற! நானா ஆசைப்பட்டு அடிக்கிறேன்? உங்க மாடியில அந்தப் பாழாப்போன மிஷின் நிக்குதே, அதுக்காகத்தான். முன்னெல்லாம் ஒரு நாள் வைப்பான். அன்னிக்கு மட்டும் ரோட்ட நனைச்சா போதும், புழுதி கம்மின்னு ரிப்போர்ட் வந்துடும். இப்ப எடுக்கவே மாட்டேங்கறான். அது எறங்குற அன்னிக்கே தண்ணி லாரிக்கு ஃபுல்ஸ்டாப்!” குரலைத் தாழ்த்தினார். “ஆமா, நிஜமாவே ஓடுதா அது? எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட்டு.”

நாக்கு நுனி வரை வந்த புகார் அப்படியே தொண்டைக்குள் இறங்கியது சுகப்பிரியாவுக்கு.

மழை விழுந்தால் ரோடு தானாகவே நனைந்துவிடும். அதுவரைக்கும்...

இடுப்பிலிருந்த இனியவன் சூப்பர்வைசரின் மஞ்சள் ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் இளைப்பே இல்லை.

“என்னம்மா, ஓடுதா இல்லையா?”

“அத ஏன் சார் கேக்கறீங்க! கரண்டு இருக்கிற நேரமெல்லாம் ஓடிக்கினே கீது. அந்த ஙொய்ங்கிற சத்தத்துல நானும் எங்க மாமியாரும் கண்ணு மூடி எத்தினி நாளாச்சு!”

“சரிதான் போ” என்று சலித்துக்கொண்டவரின் பார்வை தூக்கின் மேல் விழுந்தது. “நெய் வாசனை ஆளத் தூக்குதே. எனக்கா கொண்டாந்த?”

சுகப்பிரியா தூக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“இல்ல சார். மிஷின் வைக்க ஒரு தம்பி வருவானே, அவனுக்கு.”