கேபிள் போட்டவர்

"எதை வேணா மாத்துங்க. கேபிள்ல மட்டும் கை வைக்கக் கூடாது. அது நான் போட்டது!"

கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மாட்ட வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த வீட்டு மாமனார் ஆரம்பித்துவிட்டார்.

"முப்பத்தஞ்சு வருஷம் டெலிபோன்ல லைன்மேனா இருந்தவன். நான் இழுத்த கம்பியில ஒருத்தன் குறை சொன்னது கிடையாது."

"சரிங்க ஐயா" என்றார் வந்தவர். மனதுக்குள், 'கிழிஞ்சுது போ!'

மருமகளுக்கு விளம்பரப் படங்களை எடிட் செய்யும் வேலை. படமெல்லாம் ஹாலில் உள்ள சேமிப்புப் பெட்டியில். அவள் கம்ப்யூட்டர் பின்னறையில். நடுவில் ஒரு ஸ்விட்சும் மாமனார் போட்ட கேபிளும். ஒரு படம் இங்கிருந்து அங்கே போய்ச் சேர இரண்டரை மணி நேரம். தலையில் சுமந்துகொண்டு போயிருந்தால்கூடச் சீக்கிரம் சேர்ந்திருக்கும்.

'திங்கட்கிழமையிலிருந்து நேரத்துக்கு முடிச்சுத் தரலேன்னா, நேர்ல வந்து வேலை பாருங்க' என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் இருப்பதோ வேறு ஊரில். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள்.

நேற்று கடையில் அவள் ஸ்விட்ச் தேர்ந்தெடுத்த விதமே கடைக்காரருக்குப் புரியவில்லை.

"இப்ப உங்ககிட்ட இருக்கறதே நல்ல ஸ்விட்ச்தானேம்மா? அதுலயே கால் மணி நேரத்துல போயிடுமே. ஒருவேளை கேபிள்ல..."

"இல்லை, ஸ்விட்ச்தான்" என்று பாதியிலேயே வெட்டினாள். "இதைவிட வேகமானதா ஒண்ணு குடுங்க. விசிறிச் சத்தம் இல்லாததா இருக்கட்டும். நீங்களே வந்து மாட்டிக் குடுத்துடுங்க."

காசு இருப்பவர்கள் வாங்குகிறார்கள், நமக்கென்ன என்று பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இப்போது புது ஸ்விட்சை மாட்டியாகிவிட்டது. ஆனால் பச்சை எரிய வேண்டிய இடத்தில் மஞ்சள்தான் எரிந்தது. அதே பழைய வேகம்.

"நான் போய்ப் பால் வாங்கிட்டு வரேன். கேபிள் ஜாக்கிரதை!" என்று மாமனார் படியிறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் கடைக்காரர் கேபிளின் முனையைப் பிடுங்கிப் பார்த்தார். கேபிளுக்குள் இருந்த எட்டுக் கம்பியில் நாலுதான் முனைக்குள் போயிருந்தன. மீதி நாலும் பின்னால் மடித்து, அழகாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன.

"மேடம், கோளாறு இங்கதான்..."

"தெரியும்" என்றாள் மருமகள். "டெலிபோன் பழக்கம். வேலைக்கு நாலு கம்பி போக, மீதி நாலு ஸ்பேர்."

"அட! தெரிஞ்சேதான் புது ஸ்விட்ச் வாங்கினீங்களா? முனையை மட்டும் மாத்தியிருந்தா பழசே போதுமே!"

"ரெண்டாவது குழந்தை பிறந்ததும் நான் வேலையை விடறதா இருந்தேன். மாமாதான் விடலை. 'வீட்லயே உக்காந்து பாரும்மா, நான் ஏற்பாடு பண்றேன்'னு மூணு நாள் ஏணி மேல நின்னு இதைப் போட்டார். அவர்கிட்டப் போய், நீங்க போட்டது தப்புன்னு எந்த வாயால சொல்றது? எட்டையும் சேர்த்து ரெண்டு முனையையும் மாத்திடுங்க. கேட்டா, ஸ்விட்ச்தான் பழசுன்னு சொல்லிடுங்க."

பத்து நிமிட வேலை. பச்சை எரிந்தது. இரண்டரை மணி நேரம் இழுத்த படம் ஏழே நிமிடத்தில் வந்து விழுந்தது.

"ஊருக்குப் போக வேண்டாம்" என்றாள் அவள்.

பாலோடு வந்தார் மாமனார். "என்ன ஆச்சு?"

"ஸ்விட்ச்தான் ஐயா பழசு. உங்க கேபிள் முதல் தரம்."

"நான் சொன்னேனா இல்லையா!" ஹால் அதிரச் சிரித்தார். "என் கம்பியாவது, கோளாறாவது!"

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு என்பது இதுதான் போலிருக்கிறது. இப்படித் தங்கமான மருமகள் கிடைத்த அருமை இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று எரிச்சலோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் கடைக்காரர்.

வண்டிவரை கூடவே வந்தார் பெரியவர். ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்தார்.

"தம்பி, எட்டும் சேர்த்துட்டீங்கல்ல?"

வண்டிச் சாவி அப்படியே கையில் நின்றது. "ஐயா... உங்களுக்கு எப்படி?"

"என்கூட வேலை பார்த்த ஒருத்தர் பத்து நாள் முன்னாடி சொன்னார், கம்ப்யூட்டருக்கு முழு வேகம் வர எட்டுக் கம்பியும் வேணும்னு. எனக்கு உசிரே போயிடுச்சு. என்னால அந்தப் பொண்ணு வேலை போயிடுமோன்னு. யாருக்கும் தெரியாம மாத்திடலாம்னு போனா, அவ டார்ச் அடிச்சு அந்த முனையைத்தான் பாத்துக்கிட்டிருந்தா. பாத்துட்டு, அப்படியே திரும்பச் சொருகிட்டா. மறுநாள் வந்து, 'மாமா, ஸ்விட்ச் பழசாயிடுச்சு, மாத்தணும்'ங்கறா!"

"அப்புறமும் எதுக்கு ஐயா அவ்வளவு ஜம்பம்?"

பெரியவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் மானத்தைக் காப்பாத்த அவ இத்தனை பாடுபடறா. காப்பாத்திட்டோம்னு அவ நிம்மதியா இருக்கறதுக்காவது நான் கொஞ்சம் ஜம்பம் அடிக்க வேணாமா, தம்பி?"