ஏழாவது படி

ஆக்ஸிலியா இன்றைக்குப் பாட்டை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள்.

"பால் வாங்கிட்டு வந்துர்றேங்க," என்றாள்.

மரியஅந்தோணி பதில் சொல்லவில்லை. மனைவி சொல்வதற்குப் பதில் சொல்வதில்லை என்பது அவருடைய கௌரவம். ஸ்டீரியோவுக்கு எதிரே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டையும் சர்க்கரை வியாதி தின்று இரண்டு வருஷம் ஆகிறது.

அந்த ஸ்டீரியோ அவர் டூரிஸ்ட் ஜீப் ஓட்டிய கடைசி சீசனில் வாங்கியது. இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். பேத்துப்பாறையில் வேறு எவன் வீட்டிலும் கிடையாது என்று அப்போது ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

பாட்டு இருப்பது லேப்டாப்பில். மகள் கேத்தரினுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த இலவச லேப்டாப். நர்ஸ் வேலைக்குச் சென்னை போனபோது அம்மாவுக்கு விட்டுப்போனாள். அது சமையல்கட்டில் இருக்கும். வயர் கியர் எதுவும் இல்லாமல் பாட்டு ஹாலில் கேட்கும்.

வீட்டுக்குள் எந்த மூலையில் வைத்தாலும் கேட்கும். வாசலைத் தாண்டினால் விக்கும். ரோட்டுக்கு இறங்க மொத்தம் பத்துப் படி. ஏழாவது படியில் ஸ்டீரியோ நின்றுவிடும். கேத்தரின் ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்து, "அப்பா, ஏழு!" என்று கீழேயிருந்து கத்தினாள். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தார்கள்.

இப்போது பாட்டு ஒருமுறை விக்கியது.

மரியஅந்தோணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பால் வாங்கப் போகிறவளுக்கு லேப்டாப் எதற்கு?

இன்னொரு விக்கல். இரண்டாவது படி, அல்லது மூன்றாவது.

கதவுச் சத்தம், பெட்டியை இழுக்கிற சத்தம் எதுவும் அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் இத்தனை சத்தமாக வைத்திருக்கிறாள். கிளம்புகிற பதற்றத்தில், பாடிக்கொண்டிருப்பதையே பையில் போட்டுக்கொண்டு போகிறாள். மூடினால் பாட்டு நின்றுவிடும்தான். ஆனால் அதன் மூடி முழுசாக மூடாது. காபி ஆறிப்போயிருக்கிறது என்று போன மாதம் அவர் மேசையை எட்டி உதைத்ததில், கீழே விழுந்து கீல் உடைந்தது.

பார்வை போன பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது நாக்கு ஒன்றுதான். அதை வைத்து அவளைக் குதறி எடுத்தார். கடைக்குப் போனால் யாரைப் பார்க்கப் போனாய் என்றார். கோயிலிலிருந்து வரத் தாமதமானால் எவன் கொண்டுவந்து விட்டான் என்றார். முந்தாநாள் கேத்தரின் போனில், நீ இங்கே வந்துவிடு அம்மா என்று அழுதது அவர் காதிலும் விழுந்தது.

விக்கல். விக்கல்.

கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தார். இரண்டு வருஷமாக அவளை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தடுமாறுவதற்குள் ஏழாவது படி வந்துவிட்டது.

ஸ்டீரியோ நின்றது.

அதே பாட்டு வெளியே, கீழே, பைக்குள்ளிருந்து மெலிசாகக் கேட்டது. ஸ்டீரியோ விட்டுப்போனதும் லேப்டாப் தானே பாட ஆரம்பித்திருந்தது. பிறகு அதுவும் நின்றது. வளைவில் ஏழரை மணி பஸ் ஹாரன் அடித்தது.



ஸ்டீரியோவில் 'டிங்' என்று ஒரு சத்தம். பாட்டு ஹால் முழுக்கத் திரும்ப வந்தது, விக்காமல், விட்ட இடத்திலிருந்து.

இந்த லேப்டாப் ஒருமுறை விட்டுப்போனால் தானாக ஸ்டீரியோவோடு சேராது. ஒரு ஆள் பக்கத்தில் வந்து, திறந்து, தொட்டுச் சேர்க்க வேண்டும்.

வந்துவிட்டாள்.

மரியஅந்தோணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூச்சப்படாமல் அழுதார்.

"ஆக்ஸிலியா," என்றார் வாசலைப் பார்த்து. "உள்ள வா. வெளிய பனி கொட்டிக் கெடக்கு."

பதில் இல்லை. கோபம் இருக்கும். இருக்கட்டும், நின்று கேட்கட்டும். அவர் பேசினார். காபிக்காக மன்னிப்புக் கேட்டார். வாய்க்கு வந்தபடி பேசிய ஒவ்வொன்றையும் ஞாபகப்படுத்திச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கொடைக்கானலுக்குக் கொண்டுபோய்க் கீலை மாற்றிவிடலாம் என்றார். நீ இல்லாவிட்டால் நான் செத்துப்போவேன் என்றார். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் அவர் இவ்வளவு பேசியதே இல்லை.

மூன்று பாட்டு முடிந்தது. பாட்டுச் சத்தத்தில் பஸ் போனதா இல்லையா என்று தெரியவில்லை.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்து வாசலில் நின்றது. அவர் கையை நீட்டினார்.

"அண்ணே," என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னத்தாய். "லேப்டாப்ப ஏன் வாசப்படியில வச்சிருக்கீங்க? மதினியோட சால்வைய வேற போத்திக் கெடக்கு."

நீட்டிய கை அப்படியே இருந்தது. அடுத்த பாட்டு ஆரம்பித்தது.