ரொஹானியின் முதுகு

குதிகால், இடுப்பு, தோள், பின்னந்தலை. நான்கும் சுவரைத் தொட வேண்டும்.

ரொஹானி மக்சிக் தொட்டுவிட்டார். மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி. இன்று நான் கை வைக்கவே இல்லை, தானாகவே நிமிர்ந்தார்.

"இப்ப மூச்சை நல்லா இழுங்க."

விலா விரிந்தது. முகத்தில் தெளிச்சி வந்தது. அறுபதை நெருங்குகிற பெண் ஒரு நிமிடத்தில் பத்து வயதை உதறிவிட்டு நின்றார்.

தலைவலி, விரல்களில் மரமரப்பு, சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்பது என்று இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தவர். எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் கூனல்தான். முப்பது வருடமாக மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங் தைக்கிறவர், தையல் மெஷின் மேல் குனிந்து குனிந்தே முதுகு வளைந்துவிட்டது என்று எழுதி வைத்தேன்.

இங்கே நிமிர்ந்தால் தலைவலி விடும். கை சூடாகும். "பசிக்குதும்மா" என்று சிரிப்பார்.

அடுத்த செவ்வாய் மறுபடி மடித்து வைத்த துணி மாதிரி வந்து உட்காருவார்.

வீட்டில் பயிற்சி செய்கிறாரா இல்லையா என்று நான் கடிந்துகொண்டதுகூட உண்டு.

வழக்கமாக மகன் ஹஸ்ருல் காரிலேயே காத்திருப்பான். இன்று தைப்பிங் ஊருக்கே உரிய அடைமழை, சாக்கடை பொங்கி வாசல் வரை வந்துவிட்டதால் மேலே ஏறி வந்தான். முப்பது வயது இருக்கும். வாட்டசாட்டமான ஆள். கையில் எங்களுக்கென்று ஒரு பை கறிபாப் பலகாரம்.

கதவோரம் நின்றே பேசினான்.

"மிஸ், நீங்களே சொல்லுங்க. நிமிர்ந்து உக்காந்தா பாதி வியாதி ஓடிடும்னு நானும் தலைபாடா அடிச்சுக்கறேன். கேட்டாத்தானே?"

"ஆமா, பெரிய டாக்டரு. வர்ற வழியிலேயே பாதி கறிபாப்பை முடிச்சிட்டான். உன் தொப்பைக்கு முதல்ல ஒரு வழி பாருடா" என்றார் மக்சிக்.

மூவரும் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டேதான் அவன் கிட்டே வந்தான். அம்மாவின் முக்காட்டில் ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. அதை எடுக்கக் கையை உயர்த்தினான்.

அவ்வளவுதான்.

மக்சிக்கின் தலை நெஞ்சுக்குள் போயிற்று. தோள்கள் காதுவரை ஏறின. இரண்டு கைகளும் தலையைப் பொத்திக்கொண்டன. சுவரோடு சரிந்து, அப்படியே குந்திவிட்டார்.

சத்தம் எதுவும் வரவில்லை. ரொம்பப் பழகிய உடம்பு மட்டும்தான் சத்தமில்லாமல் அப்படி மடங்கும்.

இரண்டு மாதமாக நான் வளைவு என்று எழுதி வந்தது வளைவு இல்லை. அடிக்குக் காத்திருக்கிற முதுகு.

ஹஸ்ருலின் கை அந்தரத்தில் நின்றது. அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"வெளிய இருங்க" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவன் ஒரு வார்த்தை மறுக்காமல் போனான். நான் கதவைத் தாழிட்டேன். போலீசுக்குப் பேசுவதா, சமூக நல அதிகாரிக்குப் பேசுவதா என்று கை போனைத் தேடியது.

தரையிலிருந்து மக்சிக் என் சட்டை ஓரத்தைப் பிடித்தார்.

"அவனை ஒண்ணும் செஞ்சிடாதம்மா. என் மேல அவன் விரல்கூடப் பட்டதில்ல."

எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நான் போனை விடவில்லை.

"அடிச்சது அவங்க அப்பாதாம்மா" என்றார். "அந்த ஆளு மண்ணுக்குள்ள போயி எத்தனையோ வருஷமாச்சு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சின்னப் பிள்ளையில என் மடியிலயே கிடப்பான். மீசை முளைச்சுது பாரு, கையும் கூடவே வளந்துச்சு. அதே மொத்த விரலு, அதே மணிக்கட்டு. இவன் வேற, அவரு வேறன்னு எனக்குத் தெரியாதா? இந்த முதுகுக்குத்தான் அந்த ஆளு செத்த சேதிய இன்னும் யாரும் சொல்லல."

வெளியே மழை ஓங்கிப் பெய்தது.

எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தேன். ஹஸ்ருல் நடையில் நின்றிருந்தான். இரண்டு கைகளும் பாக்கெட்டுக்குள் ஆழமாகப் புதைந்திருந்தன. கண்கள் சிவந்திருந்தன.

"பொய் சொல்ல மாட்டேன் மிஸ். பள்ளிக்கூடத்துல படிக்கிறப்பலேருந்தே தெரியும். அம்மா கண்ணுல கை படாமத்தான் வீட்டுல நடமாடறேன்."

அவனை உள்ளே அழைத்தேன். நான் படித்த எந்தப் பயிற்சியிலும் இது இல்லை.

மக்சிக்கை எழுப்பிச் சுவரோரம் நிறுத்தினேன். அவனை எதிரே, தள்ளி நிற்கச் சொன்னேன்.

"அம்மா, கையை நீட்டப் போறேன். வேணாம்னா சொல்லு."

பாக்கெட்டிலிருந்து வலது கை வந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, மெல்ல, இடுப்பு உயரத்துக்கு.

மக்சிக்கின் தோள் ஏறியது. கழுத்து உள்ளே இழுத்தது. கண்களை மட்டும் மூடாமல் வைத்திருந்தார்.

பாதி தூரத்தில் கை நின்றது. அதற்கு மேல் அவன் நீட்டவில்லை.

மீதி தூரத்துக்கு மக்சிக் சுவரை விட்டு நகர்ந்து வந்தார்.